தூங்கும் பையின் எடை: 1911 அண்டார்டிகாவிலிருந்து ஒரு குறிப்பு

துருவப் பயணக் கதை படிக்கும்போது குளிர் எத்தனை டிகிரின்னுதான் முதலில் பார்ப்போம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொரு எண்: ஸ்லீப்பிங் பேக்கின் எடை.

1911 ஜூன் 27. ஸ்காட் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரும் எம்பரர் பென்குயின் முட்டை எடுத்துவர கேப் குரோசியருக்குக் கிளம்பினார்கள். அங்கே அது நடுக் குளிர்காலம், சூரியனே கிடையாது. ஸ்லெட்ஜ் வண்டிகளை அவர்களேதான் இழுத்தார்கள். குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை போனது. கிளம்பும்போது 18 பவுண்டு இருந்த செர்ரி-கரார்டின் பை, ஆகஸ்ட் 1 திரும்பி வந்தபோது 45 பவுண்டு! கூடிய 12 கிலோவும் ஐஸ். அதில் பெரும்பகுதி அவருடைய வியர்வையும் மூச்சும்தான்.

எப்படி? வண்டி இழுக்கிற உடம்பு வியர்க்கும். அந்த ஆவி கம்பளியைத் தாண்டி வெளியே வரும் வழியில் குளிர்ந்த அடுக்கில் உறைந்துவிடும். இரவு பைக்குள் உடல் சூட்டில் உருகி எல்லாவற்றையும் நனைக்கும். காலையில் மறுபடி உறையும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த கம்பளி உடம்புச் சூட்டைக் காக்காது. ஒரு காலை செர்ரி-கரார்ட் கூடாரத்துக்கு வெளியே வந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சுமார் 15 விநாடியில் உடை உறைந்துவிட்டது. 4 மணி நேரம் தலையைக் குனிய முடியாமலே வண்டி இழுத்தார்.

இதற்கு இன்யூட் மக்களிடம் ஏற்கெனவே விடை இருந்தது. கரிபு மான் தோலில் இரண்டு தளர்வான உடைகள்: உள்ளே இருப்பதன் ரோமம் உடம்பைப் பார்த்து, வெளியே இருப்பதன் ரோமம் வெளியே பார்த்து. அதிகம் சூடானால் ஈரக் காற்று கழுத்து வழியாக வெளியேறும். வீட்டுக்குள் நுழையுமுன், ரோமத்தில் படிந்த உறைபனியை உருகவிடாமல் தட்டி உதறிவிடுவார்கள். அமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை கனடாவின் வடகோடியில் நெட்சிலிக் இன்யூட்டுகளிடம் இதையெல்லாம் கற்றுக்கொண்டார்.

அப்போ ஸ்காட் குழு முட்டாள்களா? இல்லைங்க. மனுஷனே வண்டி இழுத்தால் ரோம உடைக்குள் வெந்துபோவான். அதனால்தான் கம்பளியும் மேலே காற்றுத் தடுப்புத் துணியும். அமுண்ட்சென் இழுக்கிற வேலையை நாய்களிடம் விட்டதால் ரோம உடை அவருக்குச் சரிப்பட்டது. சர்வர் ரூம் மாதிரிதான்: லோடையும் கூலிங்கையும் தனித்தனியாக முடிவு பண்ண முடியாது.

மூன்று முட்டைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. வில்சனும் பவர்ஸும் 1912 மார்ச்சில், தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட்டோடு இறந்தார்கள். அந்தப் பயணத்திலும் வண்டியை அவர்களேதான் இழுத்தார்கள்.