பூதலூரில் ரயிலேறி ஒரு நாள் தஞ்சாவூர்

பூதலூரிலிருந்து தஞ்சாவூர் சுமார் 20 கிலோமீட்டர். இடையில் ஆலக்குடி, அதைத் தாண்டினால் தஞ்சை. நாகப்பட்டினத்தில் தொடங்கிய ரயில் பாதை 1861ல் தஞ்சைக்கும், 1862ல் திருச்சிக்கும் வந்து சேர்ந்தது. ஆக ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பக்கத்து ஜனங்கள் ரயிலேறித் தஞ்சைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். எதற்காக? ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு, கலெக்டர் ஆபீசுக்கு, கல்யாணத்துக்குத் துணி எடுக்க, கல்லூரியில் படிக்க. வெளியூரிலிருந்து சொந்தக்காரர் யாராவது வந்துவிட்டால் மட்டும் பெரிய கோயிலுக்கு. அங்கே ஒன்றரை மணி நேரம், நந்திக்கு முன்னால் ஒரு போட்டோ, வாசலில் ஒரு தலையாட்டி பொம்மை. தஞ்சாவூர் பார்த்தாகிவிட்டது!

இதில் பெரிய கோயிலின் மேல் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தஞ்சாவூர் என்ற நகரத்தை இப்படிப் பார்த்தவர்கள் மனதில் ஒரு தப்பான சித்திரம் தங்கிவிடுகிறது. கோயிலிலிருந்து அரண்மனைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அங்கே கேட்கும் கேள்வி, "ராஜராஜன் எந்த ரூமில் இருந்தார்?" என்பதுதான். அந்த அரண்மனையில் ராஜராஜன் ஒரு நாள் கூட இருந்ததில்லை. அவர் காலமாகி ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு கட்டப்பட்ட அரண்மனை அது.

அப்படியானால் சோழர் அரண்மனை எங்கே? ராஜேந்திர சோழன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். பிறகு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். அவனது மெய்க்கீர்த்தியே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. கோயில் நின்றது, ஊர் போயிற்று. இன்று நாம் நடக்கும் தஞ்சாவூர், அதன் கோட்டை, அகழி, நான்கு வீதிகள், அரண்மனை எல்லாமே நாயக்கர்களும் மராட்டியர்களும் ஏற்படுத்தியவை. நாயக்கர் ஆட்சி 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 1673 வரை. அதற்குச் சில ஆண்டுகளில் வந்த மராட்டியர் 1855 வரை. இந்த முந்நூறு ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் எல்லோரும் தஞ்சையைப் பார்க்கிறார்கள்.

எனவே ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தவர்கள் வழக்கமான வரிசையை மாற்றிப் பார்ப்பது நல்லது. காலையில் அரண்மனையும் வீதிகளும், மாலையில் பெரிய கோயில். இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றும் கிடையாது. நடுப்பகலில் கோயில் கல் தரையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் காரணம் தெரியும்!

ரயில் நிலையத்திலிருந்து வடக்கே நடந்தால் ஆற்றுப்பாலம். ஊர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் இது. 1934ல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டப்பட்டது. பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பழைய கோட்டைப் பகுதி. கோட்டை இரண்டு: பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் சுற்றியிருப்பது சின்னக் கோட்டை, நான்கு ராஜவீதிகளையும் அரண்மனையையும் உள்ளே வைத்திருந்தது பெரிய கோட்டை. பெரிய கோட்டையின் மதில் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கீழ அலங்கம், வடக்கு அலங்கம், மேல அலங்கம் என்று தெருப் பெயர்களில் அது இன்னும் நிற்கிறது. அலங்கம் என்றால் கோட்டை மதிலின் கொத்தளம். அகழி சில இடங்களில் தூர்ந்தும், சில இடங்களில் அதன் மேல் வீடுகள் எழும்பியும், சில இடங்களில் சாக்கடையாகவும் கிடக்கிறது.

கீழ அலங்கத்தின் பக்கம் பீரங்கி மேடு என்று ஓர் இடம் உண்டு. டவுன் பஸ்ஸில் தினம் அந்தப் பக்கம் போகிறவர்களிலேயே பலர் மேலே ஏறிப் பார்த்ததில்லை. அங்கே இருப்பது ராஜகோபால பீரங்கி. சுமார் 25 அடி நீளம், எடை 20 டன்னுக்கு மேல். இதன் விசேஷம் பருமனில் இல்லை, செய்த முறையில்தான். இது வார்ப்படம் அல்ல. நீளமான இரும்புப் பட்டைகளை உருளை போல அடுக்கி, அவற்றின் மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி ஒவ்வொன்றாக மாட்டி இறுக்கியிருக்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பட்டா மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே புரியும். சூடாக இருக்கும்போது விரிந்த வளையம் ஆறும்போது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். இதை ரகுநாத நாயக்கர் காலத்தது என்பார்கள். டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் 1620ல் இடம் கொடுத்தவரும் இவர்தான். டென்மார்க் அரசனுக்கு இவர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அவர் பீரங்கியோ இங்கே வெயிலிலும் மழையிலும்!

அங்கிருந்து அரண்மனை பக்கம்தான். உயரமான கூடகோபுரம், மாடமாளிகை, தர்பார் மண்டபம், சங்கீத மகால் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துச் சாந்து வேலை. எல்லாவற்றையும் அவசரமாகச் சுற்றுவதைவிட இரண்டு இடங்களில் நிதானமாக நிற்கலாம். முதலாவது, 1951ல் தொடங்கப்பட்ட கலைக்கூடம். அங்கே திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகன தேவர் இருக்கிறார். செப்புத் திருமேனி, கல்வெட்டுப்படி 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாம்புகளைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டிய சடை. வலது கை ரிஷபத்தின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். ஆனால் ரிஷபம் இல்லை. இல்லாத மாட்டின் மேல் சாய்ந்து, ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து, ஆயிரம் வருடமாக அவ்வளவு சுகமாக நிற்கிறார். மாடு இருந்திருந்தால் கூட இவ்வளவு அழகு தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது, சரஸ்வதி மகால் நூலகம். நாயக்கர் காலத்து அரண்மனை நூலகம். அதைப் பெருக்கியவர் இரண்டாம் சரபோஜி (1798 - 1832). இந்த மனிதரின் கதை விசித்திரமானது. 1799 உடன்படிக்கையில் நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும். ஆள நாடு இல்லாத ராஜா புத்தகம் சேர்த்தார். 1820 - 22ல் காசி யாத்திரை போனபோதும் சுவடிகளோடுதான் திரும்பினார். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைப் படம் வரைந்து குறிப்பெழுதி வைத்தார்கள். அவையும் இங்கே இருக்கின்றன. 1918ல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று பனையோலையும் காகிதமுமாக 40,000க்கும் மேற்பட்ட சுவடிகள். அரண்மனைக் கணக்குகள் மோடி என்ற எழுத்தில் மூட்டை மூட்டையாக உள்ளன. படிக்கத் தெரிந்தவர்கள்தான் மிகச் சிலர். பார்வையாளர்கள் போகக்கூடிய பகுதி சிறிய காட்சிக்கூடம் மட்டுமே என்பதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மேல வீதியில் பங்காரு காமாட்சி அம்மன் கோயில் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து பாதுகாப்புக்காகக் கொண்டுவரப்பட்ட தங்க காமாட்சி அங்கே இருக்கிறாள். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் குடும்பம் பூஜை செய்த கோயில் அது. இன்று மேடைகளில் பார்க்கும் பரதநாட்டியக் கச்சேரி வரிசையை அமைத்த தஞ்சை நால்வர் (சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு) வாழ்ந்ததும் இதே வீதிதான்.

அங்கிருந்து சின்னக் கோட்டைக்கு வந்தால் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779ல் கட்டிய ஸ்வார்ட்ஸ் சர்ச். உள்ளே ஒரு சலவைக்கல் புடைப்புச் சிற்பம்: படுக்கையில் கிடக்கும் பாதிரியார், அவர் கையைப் பிடித்தபடி இளம் சரபோஜி. 1798ல் இறந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார்தான் சரபோஜிக்குக் காப்பாளர் போல இருந்தவர். லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் இதைச் செய்யச் சொன்னார் சரபோஜி. கைகூப்பி நிற்கும் சரபோஜியின் சலவைக்கல் சிலையை அரண்மனையில் பார்த்தவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளலாம்: அதுவும் அதே ஃப்ளாக்ஸ்மன் கைவேலைதான்.

இப்போது மணி நான்கு. பெரிய கோயில்.

முதலில் அந்த நிழல் விவகாரம். "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாலையில் கிழக்குப் பக்கம் நின்று பாருங்கள், நிழல் நன்றாகவே விழுகிறது. உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும் அப்படித்தான். பல கற்களைச் சேர்த்து அமைத்தது அது. 200 அடிக்கு மேல் கருங்கல்லை, அதுவும் கருங்கல்லே கிடைக்காத வயல் நாட்டில், அடுக்கிக் காட்டியவர்களுக்கு இந்தக் கதைகளின் துணை தேவையில்லை. நந்தியும் ராஜராஜன் வைத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. முருகன் சந்நிதியும் அப்படியே. அம்மன் சந்நிதி பாண்டியர் காலம். சரபோஜி 1803ல் தன் வம்ச வரலாற்றை இந்தக் கோயில் சுவரிலேயே மராத்தியில் வெட்டி வைத்தார். கருவறையைச் சுற்றிய உள்பிராகாரத்தில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார், அங்கே பொதுவாக அனுமதி கிடையாது. மேல்தளத்தில் 108 நாட்டியக் கரணங்களில் 81தான் செதுக்கப்பட்டிருக்கின்றன, மீதிக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன.

பார்க்க வேண்டியது கல்வெட்டுகள். எரிந்துபோன அந்தச் சோழத் தஞ்சாவூர் முழுவதும் இங்கேதான் இருக்கிறது, எழுத்தாக. வீரசோழப் பெருந்தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று தெருக்களும் கடைவீதிகளும் வருகின்றன. ஆடல் மகளிர் 400 பேர் பெயர் பெயராக, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற விலாசத்தோடு! ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரு விளக்கு எரிய 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். பணமாகக் கொடுத்த தானங்களை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விட்டார்கள். காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் செலவு. இன்றைய அறக்கட்டளை வைப்பு நிதிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தங்கத்தை நிறுத்த எடைக்கல்லுக்குக் கூட ஆடவல்லான் என்று பெயர்.

இத்தனையும் சுவரில் கண் எதிரே இருந்தும், ஐரோப்பியர் ஹுல்ஷ் 1880களின் பிற்பகுதியில் இவற்றைப் படித்து, அடுத்த பத்தாண்டில் அச்சேற்றிய பிறகுதான் கட்டியவன் ராஜராஜன் என்பது உறுதிப்பட்டது. அதுவரை வேறு வேறு சோழன் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதோடு வியட்நாமின் ஹுவே நகரத்தை ஒப்பிடத் தோன்றுகிறது. சரபோஜி இங்கே புத்தகம் சேர்த்த அதே காலத்தில் அங்கே ஜியா லாங் மன்னர் மதிலும் அகழியும் கொண்ட தலைநகரைக் கட்டிக்கொண்டிருந்தார். 1993ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஹுவே சேர்ந்தபோது கோட்டை, அரண்மனை, அரசர் சமாதிகள் எல்லாம் சேர்ந்தே போயின. தஞ்சையில் 1987ல் பட்டியலில் ஏறியது கோயில் மட்டும். அகழிக்கும் பீரங்கிக்கும் அலங்கத்துக்கும் அதில் இடமில்லை. அகழிமேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன? அது அகழி என்று யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?

கோயிலை விட்டு வெளியே வந்தால் ராஜராஜன் சிலை, கோயிலுக்கு வெளியிலேயே. உள்ளே வைக்க மத்திய அரசு அனுமதிக்காததால் 1972ல் இங்கே வைத்தார்கள். இருட்டுவதற்குள் ஆற்றுப்பாலம் வந்துவிட்டால் கொஞ்சம் நிற்கலாம். ஆடி மாதமென்றால் புது ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகும். கல்லணையில் பிரிந்து, பூதலூர்ப் பக்கமாகவே வந்து, பெரிய கோயிலைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிற தண்ணீர். திருச்சிப் பக்கம் போகும் பாசஞ்சரில் மாலையில் கூட்டம் அதிகம். ஐந்து நிமிடம் முன்னதாகப் போனால் உட்கார இடம் கிடைக்கும்.