ஆரஞ்சு டான்சிலும் நல்ல கொலஸ்ட்ராலும்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம்மில் பலர் தேடும் வரி ஹெச்.டி.எல்., அதாவது 'நல்ல கொலஸ்ட்ரால்'. ஆண்களுக்கு 40-க்குக் கீழே, பெண்களுக்கு 50-க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு இடங்களில் பார்த்ததில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இந்த எண் குறைவுதான். ஆக, துணைக்கு நிறைய பேர் இருக்கிறார்கள் :-)

இந்த ஹெச்.டி.எல். எப்படி உருவாகிறது என்று கண்டுபிடித்த கதை ஒரு குட்டித் தீவில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவில் இருக்கிறது டாஞ்சியர் தீவு. நண்டு பிடித்துப் பிழைக்கும் ஊர். பல தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். (நமக்குப் புரியாத சமாச்சாரமா!) 1960 வாக்கில் அந்த ஊர் ஐந்து வயதுப் பையன் ஒருவனின் டான்சில் வீங்கி, ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அதில் கொலஸ்ட்ரால் குவிந்து கிடந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் டொனால்ட் ஃப்ரெட்ரிக்சன் விசாரணையில் இறங்கினார். பையனின் சகோதரிக்கும் அதே கதை. இருவர் ரத்தத்திலும் ஹெச்.டி.எல். கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 1961-ல் இது 'டாஞ்சியர் நோய்' என்று பதிவானது.

செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குவியல், ரத்தத்தில் ஹெச்.டி.எல். பூஜ்யம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? விடை வர சுமார் நாற்பது வருஷம் ஆனது. 1999-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே பத்திரிகையில், ஒரே மாதத்தில் குற்றவாளியை அறிவித்தன. ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கும் ஏ.பி.சி.ஏ.1 என்ற மரபணு.

விஷயம் இதுதான். நம் செல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொலஸ்ட்ராலைச் சிதைக்கத் தெரியாது. வெளியே அனுப்பத்தான் முடியும். கல்லீரலும் குடலும் 'அபோ ஏ-1' என்ற புரதத்தைக் காலி லாரி மாதிரி ரத்தத்தில் அனுப்புகின்றன. செல்லின் சவ்வில் நிற்கும் ஏ.பி.சி.ஏ.1 புரதம், சக்தியைச் செலவழித்துக் கொலஸ்ட்ராலையும் பாஸ்போலிப்பிடையும் அதில் ஏற்றிவிடுகிறது. லோடு ஏறியதும் அது தட்டு வடிவ ஹெச்.டி.எல். ஆகிறது. பிறகு எல்கேட் என்ற என்சைம் அந்தக் கொலஸ்ட்ராலை மாற்றி உள்ளே தள்ள, தட்டு உருண்டையாகிறது. கல்லீரலில் இறக்கிய சரக்கில் ஒரு பங்கு பித்தநீரோடு வெளியேறுகிறது.

டாஞ்சியர் குழந்தைகளுக்கு லோடு ஏற்றும் ஆள் சரியில்லை. சரக்கு டான்சிலிலேயே தங்கியது. காலி லாரிகளையும் உடம்பு சீக்கிரமே அழித்துவிட்டது.

சரி, ஹெச்.டி.எல்.லை மாத்திரை போட்டு ஏற்றினால் இதயத்துக்கு நல்லதுதானே? ஃபைசர் கம்பெனியின் டார்செட்ராபிப் அதைத்தான் செய்தது. எண் 70 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஆனால் சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து சாப்பிட்டவர்களிடையே மரணம் அதிகமாக இருந்ததால் 2006 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். மருந்துக்கு வேறு பக்கவிளைவுகளும் இருந்தன என்பது உண்மை. ஆனால் 2012-ல் வந்த மரபணு ஆய்வும், பிறவியிலேயே ஹெச்.டி.எல். கூடுதலாக இருக்கச் செய்யும் ஒரு மரபணு மாற்றம் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்றே காட்டியது.

ரிப்போர்ட் எண்ணுவது ரோட்டில் ஓடும் லாரிகளில் உள்ள சரக்கை. செல்லிலிருந்து எவ்வளவு வேகமாக லோடு ஏறுகிறது என்பது வேறு கணக்கு. 2014-ல் அமெரிக்காவின் டல்லாஸில் அந்தத் திறனை அளந்து பார்த்தார்கள். அது அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் குறைவு. ஆனால் அந்தப் பரிசோதனை நம் லேப்களில் வழக்கமாகச் செய்வதில்லை.

எனவே, ஊரிலிருந்து அப்பா போனில் "நல்ல கொலஸ்ட்ரால் நல்லாத்தான் இருக்குப்பா" என்று சொன்னால், சந்தோஷப்பட்டு வைத்துவிடாதீர்கள். எல்.டி.எல்., சர்க்கரை, பிரஷர் மூன்றும் எவ்வளவு என்று கேளுங்கள். மருந்து கொடுத்துக் குறைக்கிறபோது நிச்சயமாகப் பலன் தெரிவது அங்கேதான்.