நோயாளியின் பால்கனியும் மலைவீட்டின் கண்ணாடிச் சுவரும்: ஆல்ப்ஸ் வீடுகளுக்குள் வெளிச்சம் வந்த வரலாறு

ஆல்ப்ஸ் மலையில் இன்று புதிதாக எழும் வீடுகளின் படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். கூடத்தில் தரையிலிருந்து உத்தரம்வரை கண்ணாடி. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. சோபாவில் சாய்ந்திருப்பவருக்கு நேர் எதிரே பனிச்சிகரம். மலைவீடு என்றால் இப்படித்தான் என்று நம் கண்ணும் பழகிவிட்டது. ஆனால் அதே சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் கட்டிய வீடு இதற்கு நேர்மாறானது. அது குளிரைக் கண்டு முகத்தை மூடிக்கொண்ட வீடு.

இந்த மாற்றத்துக்கு இயற்கைக் காட்சி மீது நகரத்தாருக்கு வந்த மோகத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அந்த மோகம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அப்போது காட்சியைத் தேடியவர்கள் வீட்டைவிட்டு வெளியே நடந்துபோய்ப் பார்த்தார்கள். சுவரைத் திறந்துவிட அந்த மோகம் மட்டும் போதவில்லை. மலைவீட்டுக்குள் வெளிச்சம் முதலில் மருந்தாக நுழைந்தது, பிறகுதான் அது காட்சியாக மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படி மாறும்போது மருந்தின் முக்கியமான ஒரு பகுதி கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத இடம் அதுதான்.

மூடிய வீடு

சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கே கிராவ்புண்டன் மாநிலத்தில் எங்காடின் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1622இல் ஆஸ்திரியப் படைகள் கீழ் எங்காடினுக்குத் தீ வைத்தன. அதன்பிறகு திரும்பக் கட்டப்பட்ட கல்வீடுகள் குவார்தா போன்ற ஊர்களில் இன்றும் நிற்கின்றன. வீடும் தொழுவமும் வைக்கோல் களமும் ஒரே கூரையின்கீழ். வளைவான பெருங்கதவைத் திறந்தால் சுலேர் என்னும் அகன்ற நடை. நம் பக்கத்து ரேழியைப் போன்றதுதான், ஆனால் வைக்கோல் வண்டி உள்ளே புகுந்து பின்கட்டுவரை போகும் அளவுக்குப் பெரியது.

சுலேரின் ஓரத்தில் ஸ்டூவா. வீட்டிலேயே கணப்பு உள்ள அறை இது ஒன்றுதான். சுவர், தரை, மச்சு எல்லாம் அந்த உயரத்தில் விளையும் பைன் மரப்பலகையால் மூடப்பட்டிருக்கும். கணப்புக்கு விறகு போடும் வாய் அறைக்கு வெளியே இருப்பதால் உள்ளே புகை வராது. மேலே உள்ள படுக்கையறைக்குத் தனிக் கணப்பு இல்லை. ஸ்டூவாவின் மச்சில் ஒரு சிறிய திறப்பு வைத்து, அதன் வழியே சூட்டையும் ஆளையும் மேலே அனுப்பினார்கள். நீண்ட குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் கூடிக் கிடந்தது இந்த ஓர் அறையில்தான்.

இந்த வீட்டின் ஜன்னலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுவர் தடித்த கல்சுவர். அதன் நடுவே கண்ணாடி பதித்த சட்டம் மிகச் சிறியது. ஆனால் சட்டத்திலிருந்து வெளிமுகம்வரை சுவரைச் சாய்வாகச் செதுக்கிப் புனல்போல விரித்திருப்பார்கள். சூடு தப்பியோடும் பரப்பு சிறியது, வெளிச்சம் வாங்கும் வாய் பெரியது. அந்தச் சாய்வும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்காது. தெருவோ ஊர்த் தண்ணீர்த் தொட்டியோ எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கூடுதலாகச் சரிந்திருக்கும். இந்த ஜன்னலை வைத்தவர்களுக்கு வெளிச்சத்தின் அருமை நன்றாகவே தெரிந்திருந்தது. விறகின் விலையும் தெரிந்திருந்தது. இவற்றை வெறும் இருட்டு வீடுகள் என்று எழுதிக் கடந்துபோவது சோம்பல்.

டாவோஸ்

எங்காடினுக்கு வடக்கே, சுமார் 1560 மீட்டர் உயரத்தில் இருக்கும் டாவோசுக்கு 1853இல் ஊர் மருத்துவராக வந்தவர் அலெக்சாண்டர் ஸ்பெங்லர். 1849ஆம் ஆண்டு பாடன் கிளர்ச்சியில் கலந்துகொண்டு, ஜெர்மனியிலிருந்து தப்பிவந்து, சூரிச்சில் மருத்துவம் படித்தவர். இந்த ஊர்க்காரர்களிடம் காசநோயைக் காண முடியவில்லையே என்று அவர் எழுதியது வெளியே பரவியது. 1865 பிப்ரவரியில் முதல் இரண்டு குளிர்கால நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். கிருமி தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்படும்வரை காற்றும் வெயிலும் ஓய்வும் சாப்பாடுமே சிகிச்சை. அந்த அறுபது ஆண்டுகளில்தான் மலைக்கட்டடத்தின் முகம் மாறியது.

ஜெர்மனியின் ஃபால்கென்ஸ்டைனில் மருத்துவர் பீட்டர் டெட்வைலர் வகுத்த படுத்திருக்கும் சிகிச்சை டாவோசிலும் நடைமுறைக்கு வந்தது. கம்பளியும் தோலும் போர்த்தி, உறைபனியிலும் நோயாளிகள் திறந்த பால்கனியில் மணிக்கணக்காகப் படுத்துக் கிடக்க வேண்டும். இதற்குத் தோதான கட்டடம் எது? ஒவ்வோர் அறைக்கும் தெற்கு பார்த்த பால்கனி வேண்டும். அறைகள் ஒரே வரிசையில் நீள வேண்டும். ஆழமான கட்டடம் கூடாது. மூலைகளில் தூசி தங்கக்கூடாது. எனவே சிற்ப வேலை, கனத்த திரைச்சீலை எல்லாம் போயின. 1900ஆம் ஆண்டு இறுதியில் திறக்கப்பட்ட ஷாட்ஸால்ப் சானடோரியம் இந்த வகையில் முன்னோடி. ஊருக்கு 300 மீட்டர் மேலே, ஓட்டோ ஃப்ளேகார்ட், மாக்ஸ் ஹேஃபெலி ஆகிய இருவர் வடிவமைத்தது.

அதன் கூரை தட்டையானது. பனி கொட்டும் ஊரில் தட்டைக் கூரையா என்று கேட்கத் தோன்றும். சரிவுக் கூரையில் சேரும் பனி திடீரென்று மொத்தமாகச் சரியும்; கீழே பால்கனியில் நோயாளிகள். மேலும், சரிவுக் கூரையில் உருகும் நீர் விளிம்புக்கு வந்ததும் திரும்ப உறைந்து ஈட்டிபோலத் தொங்கும். டாவோஸ் கூரையோ நடுவை நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கும். உருகிய நீர் கட்டடத்தின் உட்புறக் குழாய்வழி இறங்கும். உள்ளே சூடு இருப்பதால் குழாய் உறையாது. நவீனக் கட்டடக்கலையின் அடையாளமாகப் பிற்பாடு ஐரோப்பாவைப் பிளந்த தட்டைக் கூரை விவகாரத்தில் இந்த நடைமுறைக் காரணத்தை இரு தரப்பும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாவோசுக்கு நோயாளியாக வந்து அங்கேயே தங்கிவிட்ட கட்டடக்கலைஞர் ருடால்ஃப் காபெரெல் இந்தக் கூரையை ஊரின் பொது வழக்கமாகவே ஆக்கினார்.

1929இல் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் சீக்ஃப்ரீட் கீடியோன் புது வீடுகளுக்காக வாதாடும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டபோது, டாவோஸ் சானடோரியம் ஒன்றையும் சான்றாக எடுத்து வைத்தார். காற்றும் வெளிச்சமும் திறப்பும் நோயாளிக்கு நல்லதென்றால் நலமாக இருப்பவருக்கு ஏன் கூடாது என்பது அந்தத் தலைமுறையின் கேள்வி. தாமஸ் மன்னின் 'மாய மலை' நாவல் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1924இல், டாவோஸ் பால்கனியை இலக்கியத்தில் நிலைநிறுத்தியிருந்தது.

சானடோரியம் என்ற சொல் நமக்கும் அந்நியமில்லை. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயராக அது நிலைத்துவிட்டது. அங்கே 1928இல் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் சவுரிமுத்து, அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் திறந்தவெளிச் சிகிச்சை நிலையம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் சில காலம் அந்த மெண்டிப் நிலையத்தில் நோயாளியாக இருந்தார்.

கண்ணாடியில் நின்றுபோனது

சானடோரியத்தின் வெளிச்சம் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் அல்ல. சுவிட்சர்லாந்தின் லெசானில் 1903 முதல் வெயில் சிகிச்சை நடத்திய மருத்துவர் ஓகுஸ்த் ரோலியே முதல் நாள் நோயாளியின் பாதங்களை மட்டும், அதுவும் ஐந்து நிமிடம்தான், வெயிலில் காட்டச் சொல்வார். நாள் ஏற ஏற வெயில் கணுக்கால், முழங்கால் என்று மேலே ஏறும். வெறும் தோலில் நேரடி வெயில் படவேண்டும் என்பதே இதன் அடிப்படை. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் குறுகிய புற ஊதாக் கதிர்களைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது.

ஆக, பால்கனியைக் கண்ணாடியால் மூடிக் கூடத்தோடு சேர்த்துக்கொண்ட நவீன மலைவீடு, சானடோரியத்தின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு மருந்தை வெளியே விட்டுவிட்டது. இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. வெளிச்சமும் காட்சியும் மனத்துக்குச் செய்யும் நன்மை வேறு. ஆனால் 'ஆரோக்கியமான வீடு' என்று 1930களில் விற்கப்பட்டதில் பாதி வாடகைக்கு எடுத்த பெயர்தான்.

கண்ணாடியைக் காட்சிக்காகவே வைத்த வீடுகளில் சிறந்த ஒன்றைக் கட்டடக்கலைஞர் அடோல்ஃப் லூஸ் கட்டினார். மலையில் கட்டுவோருக்கான விதிகள் என்று 1913இல் அவர் எழுதிய குறிப்பு, ஒயிலாகக் கட்டாதே, உழவன் ஏன் அப்படிக் கட்டினான் என்று காரணத்தைப் பார், தொழில்நுட்பம் முன்னேறியிருந்தால் தயங்காமல் பயன்படுத்து என்ற போக்கில் செல்லும். ஆஸ்திரியாவின் பயர்பாஹில் 1929–30இல் அவர் கட்டிய கூனர் மாளிகையில் அந்த விதிகளைக் காணலாம். அடியில் கல், மேலே மரக்கட்டைச் சுவர், கூரைக்குத் தகடு. உள்ளே இரண்டு மாடி உயரக் கூடம். அதைச் சுற்றி மேல்மாடி நடை. பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். சிறிய அறைகள் அந்தப் பெரிய கூடத்தின் ஓரங்களில் ஒதுங்கி நிற்கின்றன. ஒரே ஸ்டூவாவில் அடைந்து கிடந்த குடும்பம் இங்கே ஒரே கூடத்தைச் சுற்றிப் பரவுகிறது. திறந்த கூடம் என்று இன்று சொல்லப்படுவதன் நல்ல மாதிரி இதுவே என்பேன்.

1930களின் மிகப் பிரபலமான மலை ஜன்னல் வேறு இடத்தில் இருந்தது. ஓபர்சால்ஸ்பெர்கில் 1936இல் பெரிதாக்கப்பட்ட ஹிட்லரின் பெர்க்ஹோஃப் மாளிகையில், உண்டர்ஸ்பெர்க் மலையைப் பார்த்த ராட்சத ஜன்னலை அப்படியே கீழே இறக்கிவிட முடியும். அதன் நேர் கீழே கார் நிறுத்துமிடம். காற்று திசைமாறினால் பெட்ரோல் நாற்றம் கூடத்துக்குள் ஏறியதாக ஹிட்லரின் கட்டடக்கலைஞர் ஆல்பெர்ட் ஸ்பேர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். திறந்த சுவர் என்றாலே திறந்த மனம் என்று நவீனக் கட்டடக்கலை வரலாறுகள் எழுதுவதுண்டு. அவை இந்த ஜன்னலையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சுவர் போன கதை

கண்ணாடி பெரிதானதும், சமையலறைச் சுவர் விழுந்ததும் ஒரே நிகழ்வல்ல. இரண்டாவதற்கு முக்கியப் பொறுப்பாளி பிரெஞ்சு வடிவமைப்பாளர் சார்லோட் பெரியாண். மலையேற்றத்தில் ஊறியவர். 1938இல் பியர் ஜானரேயுடன் சேர்ந்து பீப்பாய் வடிவ மலைப்புகலிடம் ஒன்றை வரைந்தார். ஓர் அடி இடத்தைக்கூட வீணாக்காமல் ஆட்களைப் படுக்கவைக்கும் கணக்கை அந்தக் காலத்திலேயே பழகிக்கொண்டவர். பிரான்சின் சவோய் பகுதியில் லேஸ் ஆர்க் பனிச்சறுக்கு நகரத்தின் முதல் கட்டம் 1968இல் திறந்தது. அங்கே அவருக்குக் கிடைத்தவை சிறிய விடுமுறைக் குடியிருப்புகள். சமையலறையைத் தாழ்ந்த மேடையாக்கிக் கூடத்தோடு சேர்த்தார். சமைப்பவர் விருந்தினருக்கு முதுகு காட்டி மூலையில் நிற்கக்கூடாது என்பது ஒரு காரணம். உள்ளே ஆழத்தில் நிற்பவருக்கும் வெளிச்சம் போய்ச் சேரவேண்டும் என்பது இன்னொன்று. லா காஸ்காத் கட்டடத்தில் மாடிகள் மலைச்சரிவைப் போலவே அடுக்கடுக்காகப் பின்வாங்குகின்றன. ஒவ்வொரு மொட்டை மாடியிலும் வெயில் விழுகிறது. திறந்த சமையலறை பணக்கார மாளிகையில் பிறந்ததாக எண்ணுவோர் பலர். மலையில் அது பரவியது இடநெருக்கடியால்.

இவ்வளவும் நடந்தும், கண்ணாடி குளிர்ந்தே இருந்தது. ஒற்றைக் கண்ணாடி வழியே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஏறத்தாழ 5.8 வாட் வெப்பம் வெளியேறும். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 10, கண்ணாடி 20 சதுர மீட்டர் என்று கொண்டால் கிட்டத்தட்ட மூன்றரை கிலோவாட் சூடு அதன் வழியாக மட்டும் போகிறது. எங்காடின் உழவன் புனல் ஜன்னல் வைத்ததன் காரணம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறை பெரிய, நெளிவில்லாத தகடுகளை மலிவாக்கியது. இரட்டைக் கண்ணாடி இழப்பைப் பாதியாகக் குறைத்தது. சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சும் நடுவே ஆர்கான் வாயுவும் சேர்ந்த மூன்றடுக்குக் கண்ணாடியில் அந்த எண் சுமார் 0.6. மேலே சொன்ன கூடத்தில் இழப்பு 360 வாட். கண்ணாடிச் சுவர் பணக்காரரின் விறகுச் செலவாக இருந்த நிலை இதனால்தான் முடிந்தது; கட்டடக்கலைஞர்களின் கொள்கை முழக்கம் எதுவும் இதைச் சாதிக்கவில்லை.

இனி மீதமிருந்த தடை மரம். கட்டைகளைக் கிடையாக அடுக்கி மூலையில் பின்னும் சுவர் காலப்போக்கில் காய்ந்து சுருங்கி, மாடிக்குச் சில சென்டிமீட்டர் இறங்கும். அதில் பெரிய துளை போட்டால் சுவர் வலுவிழக்கும், கண்ணாடி நெரிபடும். சுவிஸ் கட்டடக்கலைஞர் பீட்டர் சும்தோர் இதற்குக் கண்ட வழி எளியது. யெனாட்ஸ் ஊரில் 2002இலும், வால்ஸ் பள்ளத்தாக்கின் லைஸ் குக்கிராமத்தில் 2009இலும் முடித்த வீடுகளில், மூடிய சிறு மரப்பெட்டிகளைத் தனித்தனியாக நிறுத்தினார். குளியலறை, படிக்கட்டு போன்றவை பெட்டிக்குள். பெட்டிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியே கூடம். அதன் முகத்தில் அகலமான கண்ணாடி. சுவரைக் குடைந்து ஜன்னல் வைக்காமல், சுவர் இல்லாத இடத்தில் ஜன்னல் வைத்தார். லூஸின் விதிக்கு இதைவிட நேர்மையான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

புதுவீடு கட்டுவது இப்போது எளிதில்லை. 2012 மார்ச் 11இல் நடந்த வாக்கெடுப்பில் 50.6 விழுக்காட்டினர் ஆதரித்ததால், சுவிஸ் ஊர்களில் இரண்டாம் வீடுகள் மொத்தத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று ஆனது. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் விளக்கு எரியும் வீடுகள் ஊரை விழுங்கிவிட்டன என்ற கோபம் அதன் பின்னணி. அந்தத் தேதிக்கு முன்பே இருந்த வீடுகளுக்குச் சட்டம் தளர்வு தந்திருப்பதால் நகரத்தாரின் பணம் பழைய எங்காடின் வீடுகள் பக்கம் திரும்பியிருக்கிறது. செயின்ட் மோரிட்ஸ் பகுதியில் இத்தகைய மாற்றங்களுக்குப் பெயர்பெற்ற ஹான்ஸ்-யோர்க் ருஹ் போன்றோர் ஸ்டூவாவின் சிறு ஜன்னலைத் தொடுவதில்லை. அவர்கள் போவது பின்கட்டிலுள்ள வைக்கோல் களத்துக்கு. வீட்டிலேயே உயரமான, காற்றோட்டத்துக்காக மரச்சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்ட, என்றும் கணப்பு கண்டிராத இடம் அது. சட்டங்களுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து, உள்ளே சூடு கொடுத்தால் கூடம் தயார். தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் களம் களமாகவே தெரியும். அந்தச் சட்டங்களையும் எடுத்துவிட்டால் காட்சி இன்னும் விரியும் என்று கேட்பவர்கள் உண்டு. மரபுக் கட்டடப் பாதுகாப்பு அலுவலர்களும் உரிமையாளர்களும் இப்போது பேரம் பேசுவது பெரும்பாலும் அந்தச் சட்டங்களைப் பற்றித்தான்.