சாய்கோட்டின் சாட்சி: பிஎல்/எஸ்கியூஎல் தொகுதியின் தோற்றம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

ஆரக்கிள் தரவுத்தளத்தின் பிஎல்/எஸ்கியூஎல் மொழி அடாவின் வழித்தோன்றல் என்பது நிலைபெற்ற கருத்து. ஆரக்கிள் நிறுவனத்தின் கையேடே, நிரல் அளவின் வரம்புகளை விளக்கும் பின்னிணைப்பில், இம்மொழி அடாவை அடிப்படையாகக் கொண்டது என்கிறது. கம்பைலர் கையாளும் ‘டயானா’ என்ற இடைநிலை வடிவத்தையும் அந்த உறவின் விளைவாகக் காட்டுகிறது. பின்வந்த பாடநூல்கள் இதை வழிமொழிந்து, தொகுதியின் (பிளாக்) அமைப்பு முழுவதையும் அடாவின் கொடையாகக் கொள்கின்றன. தொகுதியின் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இக்கருத்து சரியான விடை. தொகுதி ஏன் தோன்றியது என்பதற்கும் இதையே விடையாக்குவதைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது.

கையேட்டின் தரப்புக்குச் சான்றுகள் வலுவானவை. டிக்ளேர், பிகின், எக்ஸப்ஷன், எண்ட் என்ற வரிசை 1983ஆம் ஆண்டின் அடா தரநிலையில் அப்படியே உள்ளது. முகப்பும் உடலும் தனித்தனியாக அமையும் பேக்கேஜ், இரட்டைக் கோணக் குறிகளுக்குள் எழுதும் லேபிள், ‘எல்சிஃப்’ என்ற சொல் ஆகியவையும் அங்கிருந்து வந்தவையே. புரோகிராம்_எரர், ஸ்டோரேஜ்_எரர் என்ற பிழைப்பெயர்கள் இரு மொழிகளுக்கும் பொது. அளவு மீறிய நிரலுக்கு வரும் பிஎல்எஸ்-00123 பிழைச்செய்தி இன்றும் டயானாவின் பெயரைச் சொல்கிறது. வேறுபாடுகளும் உண்டு. ‘வென் அதர்ஸ்’ என்பதற்குப் பின் அடா அம்புக்குறி இடும். பிஎல்/எஸ்கியூஎல் ‘தென்’ என்று எழுதும். ஆனால் இத்தகைய சிறு மாற்றங்களால் மரபுரிமை கெடாது.

உண்மையான விலகல் தொகுதி நிற்கும் இடத்தில் இருக்கிறது. அடாவில் தொகுதி என்பது கூற்றுகளுள் ஒன்று. ஏதேனும் ஒரு புரொசீஜருக்கோ அதுபோன்ற வேறோர் உடலுக்கோ உள்ளேதான் அது வாழ முடியும். தனித்துக் கம்பைல் ஆகும் அலகாக அதற்கு இடமில்லை. பிஎல்/எஸ்கியூஎல்லில் பெயரில்லாத் தொகுதி தானே முழு நிரல். மேலும், தரவுத்தளத்தில் சேமிக்கப்படும் புரொசீஜர் ஆரக்கிள் 7இல், அதாவது 1992இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆறாம் பதிப்பிலேயே பெயரில்லாத் தொகுதி இருந்தது. உள்ளே குடியிருக்க வேண்டியது, வீடு கட்டப்படும் முன்பே வந்துவிட்டது. அடா மரபு மட்டுமே காரணமென்றால் இந்த வரிசையை விளக்க இயலாது.

இங்கே ஒரு சிறு குறியை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆரக்கிளின் கிளையன்ட் கருவியான எஸ்கியூஎல்*பிளஸ்ஸில் எண்டுக்கும் அரைப்புள்ளிக்கும் கீழே, தனி வரியில், ஒரு சாய்கோடு நிற்கும். அது பிஎல்/எஸ்கியூஎல் இலக்கணத்தைச் சேர்ந்ததே அல்ல; சர்வருக்கு அது போவதுமில்லை. தொகுதிக்குள் ஒவ்வொரு கூற்றும் அரைப்புள்ளியில் முடிவதால், முழுத் தொகுதி எங்கே முடிகிறது என்று அரைப்புள்ளியைக் கொண்டு கிளையன்ட் அறிய முடியாது. ‘இதுவரை சேர்த்ததை ஒரே கட்டாக அனுப்பு’ என்பதே சாய்கோட்டின் பொருள். தொகுதியை அனுப்பும் அலகாகவே கருதினர் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்கிறேன்.

தனி எஸ்கியூஎல் கூற்றையும் சாய்கோடு இயக்குமே, அது தொகுதிக்கென்று பிறந்த குறி அல்லவே என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, குறியின் பிறப்பை நான் தொகுதியோடு கட்டவில்லை. தனிக்கூற்றுக்குச் சாய்கோடு ஒரு மாற்றுவழி. தொகுதிக்கோ அரைப்புள்ளி போதாமல் போனதால் அது தேவையாயிற்று. அடாவோடு உறவில்லாத டிரான்சாக்ட்-எஸ்கியூஎல்லிலும் கட்டளைக் கட்டை அனுப்ப ‘கோ’ என்ற தனி வரி வேண்டியிருந்தது. அதுவும் அம்மொழியின் இலக்கணத்துக்கு வெளியே உள்ளதே. இரு மரபுகளிலும் ஒரே தேவை தெரிகிறது: கூற்றுக்கு ஒரு முறை நெட்வொர்க்கைக் கடக்காமல், பல கூற்றுகளை ஒரே பயணத்தில் சர்வருக்குச் சேர்ப்பது.

சர்வரின் நடத்தையும் இதற்கு இசைகிறது. அனுப்பிய தொகுதியிலிருந்து பிழை கையாளப்படாமல் வெளியேறினால், அத்தொகுதி செய்த, இன்னும் கமிட் ஆகாத மாற்றங்கள் அனைத்தும் நீங்கும். அதே பரிவர்த்தனையில் முன்பு செய்தவை நிற்கும். அதாவது, தொகுதி முழுவதையும் ஆரக்கிள் ஒரே கூற்றாக எண்ணுகிறது. ஆனால் தொகுதியே பரிவர்த்தனை என்று இதைக் கொள்ளக்கூடாது: பிகின் பரிவர்த்தனையைத் தொடங்குவதில்லை, எண்ட் அதை கமிட் செய்வதுமில்லை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் வரலாறு தலைகீழானது. பிஎல்/எஸ்கியூஎல்லைப் பின்பற்றிய பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் 1998இல் 6.4 பதிப்போடு வந்தபோது தொகுதி ஃபங்ஷனின் உடலாக மட்டுமே இருந்தது. ‘டூ’ கட்டளையால் பெயரில்லாத் தொகுதி கிடைத்தது 2010இல், 9.0 பதிப்பில். வடிவம் ஒன்றாயினும் இரு தளங்களிலும் வரிசை மாறியதற்கு மொழிமரபைக் காரணம் காட்ட முடியாது. அந்தந்தத் தளத்தின் தேவையே காரணமாக இருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பிஎல்/எஸ்கியூஎல்லின் முதல் வெளியீட்டைச் சிலர் 1988 என்றும் சிலர் 1991 என்றும் குறிக்கின்றனர். ஆறாம் பதிப்பின் அறிமுகத்தையும் மொழி பரவலாகக் கைக்கு வந்த காலத்தையும் இவ்விரு ஆண்டுகள் தனித்தனியே சுட்டலாம். அதை முடிந்த முடிபாக நான் வைக்கவில்லை. எந்த ஆண்டைக் கொண்டாலும் 1992க்கு முன்பே தொகுதி தனித்து நின்றது என்ற வரிசை மாறாது. ஆகவே பெயரில்லாத் தொகுதியைப் புரொசீஜருக்கான ஒத்திகையாகப் பாடநூல்கள் கற்பிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. சர்வருக்கு ஒன்றாக அனுப்பப்படும் அலகு என்று அதை முதலில் விளக்கி, பெயர்களின் எல்லையை வகுக்கும் அடா வடிவத்தை அதன்பின் கற்பிப்பதே பொருத்தம்.