அயல்நாட்டுத் திருநாளும் எம் சிறுவரும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் நாவுல என்னும் எமது ஊர் அமைந்துள்ளது. இன்று பஸ் வண்டிகள் விரையும் இத்திசையில், 1840ஆம் ஆண்டுகளில், தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் முன்னோர் கால்நடையாகச் சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கடந்து, மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலே மாண்டோர் பலர். எஞ்சியோர் தம் மூட்டை முடிச்சுகளோடு மாரியம்மனையும் கொண்டுவந்தனர்.

அதே பத்தாண்டில், உலகின் மற்றொரு கோடியில், வேறொரு கூட்டமும் பசியால் விரட்டப்பட்டது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் இறந்தனர். அதற்கும் கூடிய தொகையினர் கப்பலேறினர். அவர்களும் ஒரு திருநாளைக் கொண்டுசென்றனர். அதுவே ஹலோவீன்.

அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் வேளையில் பண்டைக் கெல்த்திய மக்கள் கொண்டாடிய சௌவின் என்னும் விழா இதன் வேர் என்பர். அன்றிரவு இறந்தோரின் ஆவிகள் உலாவும் என்பது அவர்தம் நம்பிக்கை. கிறித்தவ சமயம் பரவியபின் நவம்பர் 1 சகல புனிதர் திருநாளாயிற்று. அதன் முன்னிரவான அக்டோபர் 31இல் பழைய நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டது. இறந்தோருக்காகச் செபிப்பதாகக் கூறி ஏழைகள் வீடுவீடாய்ச் சென்று பணியாரம் பெறும் வழக்கமும் அந்நாடுகளில் இருந்தது. அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்கக் கண்டத்தில் பூசணிக்காயைக் கண்டனர். குடைவதற்கு அதுவே எளிது! புதுநாட்டின் காய் பழைய நாட்டின் விளக்காயிற்று.

1983 யூலைக் கலவரத்தின் பின் ஈழத் தமிழர் பெருந்தொகையாகக் கனடா சென்றனர். ரொறொன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் குடியேறியோர் பலர். அவர்தம் பிள்ளைகள் அங்கே சந்தித்த முதல் அக்டோபர் மாத இறுதியை எண்ணிப் பாருங்கள். வாயில்தோறும் மண்டையோடு, முற்றந்தோறும் போலிக் கல்லறை. பிணத்தை மெய்யாகவே கண்டு ஓடிவந்த குழந்தைக்கு இது எங்ஙனம் விளையாட்டாகும்? தாய்மார்க்கோ வேறொரு கலக்கம். வீடுவீடாய்ச் சென்று கைநீட்டுதல் இரத்தல் அன்றோ? அதனை எம்மவர் இழிவென்றே கற்பித்து வந்துள்ளனர்.

ஆயினும் அவ்வச்சம் முற்றும் பொருந்தாது என்பதே என் கருத்து. யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடி, சங்கும் சேமக்கலமுமாக வீதி சுற்றும் சிறுவரை யாரும் இரவலர் என்பதில்லை. எமது நாவுலப் பகுதியில் வெசாக் காலத்துத் தன்சல் பந்தலில் சிங்களப் பிள்ளைகளோடு தமிழ், முஸ்லிம் பிள்ளைகளும் வரிசையில் நின்று உண்பர். வெசாக் பொது விடுமுறையானது 1885இல்தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே இங்கு வரத்தொடங்கிய தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள், அயலவரின் அத்திருநாளையும் கண்டு மகிழக் கற்றனர். அருகிலுள்ள நாலந்தா கெடிகே தென்னாட்டுக் கோயிற் கலையில் எழுந்த பௌத்த ஆலயம் என்பதை ஈண்டுச் சொல்லாதிருக்க இயலவில்லை. நீர்த்தேக்கத்தின் பொருட்டு அதன் கற்களைக் கழற்றி, மேட்டில் மீண்டும் அடுக்கி, 1980இல் நிறைவு செய்தனர். இடம் பெயர்ந்தும் அது கெடிகேயாகவே நிற்கிறது.

எம்மிடம் பயின்று, பெற்றோருடன் கனடா சென்ற ஒரு சிறுமியின் தாயார் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். முதலாண்டு கதவு தட்டப்பட்டபோது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்தார்களாம். மறுநாள் வகுப்பில் எல்லோரும் தாம் பெற்ற இனிப்புகளை எண்ணியபோது, இவள் மாத்திரம் மேசையைப் பார்த்திருந்தாள். அடுத்த ஆண்டு அவள் அடம்பிடித்தாள். வேடத்துக்குரிய உடை வாங்கப் பணமில்லை. பெட்டியின் அடியிற் கிடந்த வெள்ளைப் பாடசாலைச் சீருடையைத் தாயார் எடுத்து, தையல் பிரித்து நீட்டி, கழுத்துப் பட்டியும் கட்டி, குளிருக்கு மேற்சட்டை போட்டு அனுப்பினார். அயல்வீட்டு மூதாட்டி கதவைத் திறந்து, "நீ யார் வேடம் பூண்டிருக்கிறாய்?" என்று வினவினாராம்.

"நாவுலப் பாடசாலை மாணவி" என்றாளாம் அவள்.