பங்கு விற்ற மேடை: சுதேசிக் கப்பல் நிறுவனமும் தமிழ் வணிக உரையின் கட்டமைப்பும் (1906–1908)

ஆய்வுச்சுருக்கம்

தூத்துக்குடியில் 1906-ஆம் ஆண்டு பதிவு செய்யப்பெற்ற சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, தன் மூலதனத்தைப் பொதுமக்களிடம் பங்குகளாகத் திரட்ட முனைந்தது. அம்முயற்சி வேண்டிய வணிக உரை எத்தகைய அமைப்பினது என்பதையும், கட்டணப் போட்டியால் அவ்வமைப்பு எவ்வாறு மாற நேர்ந்தது என்பதையும் பாயிர மரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வ.உ.சிதம்பரனார், சுதேசி இயக்கம், வணிக உரை, பாயிரம், அவையறிதல்.

முன்னுரை

சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்களைத் திருக்குறள் அமைச்சியலில் வைத்துள்ளது. அவை அரசவையில் பேசும் அமைச்சனை நோக்கியவை; வாங்குவோரிடம் பேசும் வணிகனை நோக்கியவை அல்ல. தமிழில் மேடைப் பேச்சின் வரலாற்றை எழுதியோரும் பெரும்பாலும் சமயத்திலிருந்து அரசியலுக்கே சென்றுள்ளனர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிகழ்த்திய முதற் சைவப் பிரசங்கம் இவ்வரலாற்றில் ஒரு மைல்கல். கிறித்தவச் சமய உரையின் வடிவம் நாவலர் வழியாகவும் பிறர் வழியாகவும் சுதேசி மேடையை அடைந்த பாதையைப் பெர்னார்டு பேட் விரிவாகக் காட்டியுள்ளார். அவருடைய கருத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் சுதேசி மேடை நாட்டுப்பற்றை மட்டும் பேசவில்லை. அது பங்குகளையும் விற்க வேண்டியிருந்தது. ஒருவர் மனத்தை மாற்றுவது வேறு, அவர் பையிலிருந்து இருபத்தைந்து ரூபாயை எடுக்கச் செய்வது வேறு.

நாற்பதாயிரம் முடிவுகள்

1906 அக்டோபர் 16 அன்று பதிவான இந்நிறுவனத்தின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய் எனக் குறிக்கப்பட்டது. பங்கொன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். வ.உ.சி. வகித்த பதவி உதவிச் செயலாளர் என்பதே. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்காக 2 இலட்சம் ரூபாய் அளித்தார். அதாவது மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதி ஒரே வணிகரிடமிருந்து வந்தது. எஞ்சிய 32,000 பங்குகளைச் சிறு சிறு தொகைகளாகவே திரட்ட வேண்டும்.

இக்கணக்கே இருவகை உரைகளை வேண்டி நிற்கிறது. பெருவணிகரிடம் பேசுவது தனி உரையாடல். அங்கே கடல் வாணிகம் அறிந்தவரிடம் சரக்கும் கட்டணமும் பற்றிப் பேசினால் போதும். பலர் கூடிய அவையிலோ, கப்பல் வாணிகம் என்றால் என்ன, பங்கு என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். அவையறிதல் என்பது இங்கே நிறுவனத்தின் உயிர்நாடியாகிறது.

பாயிரமும் பங்கு அறிக்கையும்

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கூற வேண்டிய செய்திகளாக நன்னூல் எட்டினைச் சுட்டும்: செய்தவர் பெயர், வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லக் கருதிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துரைப்பார் உளர் என்றும் அது குறிப்பிடும். புதிய ஒன்றை அறியாத அவைக்கு அறிமுகப்படுத்துவதற்கான ஒழுங்கே இது. இந்நிறுவனத்தின் நோக்கங்களை இதனோடு வைத்துப் பார்க்கலாம். எல்லை, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல். கேட்போர், இந்தியரும் இலங்கையரும் பிற ஆசிய நாட்டாரும். பயன், ஈவுத்தொகையோடு நில்லாமல் இளைஞர்க்குக் கப்பல் தொழிற் பயிற்சி வரை விரிகிறது. காரணம், பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ஆதிக்கம். பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவரும் குறளின் அறத்துப்பாலுக்கு உரை வரைந்தவருமான வ.உ.சி. இம்மரபை நன்கறிந்தவர். எனினும் இவ்வொப்புமை அமைப்பு நிலையிலானதே. நன்னூலை முன்வைத்துப் பங்கு அறிக்கை எழுதப்பட்டது என்பது நம் வாதம் அன்று.

இவ்வெட்டனுள் வணிக உரைக்கு மிக இன்றியமையாதது முதலாவது, செய்தவர் பெயர். ஈட்டிக் காட்டிய இலாபம் ஏதுமற்ற நிறுவனத்திற்குப் பேசுவோரின் நாணயமே பிணை. வாடகைக் கப்பல் கைநழுவியபின் பம்பாய்க்குப் புறப்பட்ட வ.உ.சி., கப்பலோடு திரும்புவேன், இயலாவிடில் கடலில் மாய்வேன் என்று சூளுரைத்ததாக வாழ்க்கை வரலாறுகள் கூறும். அதனை வீரவுரையாக மட்டுமே படித்து வந்துள்ளோம். பங்குதாரர் செவிகொண்டு கேட்டால் அது கடன்பட்டவர் தரும் ஈடு. 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் வந்து சேர்ந்தன.

பயன் தலைகீழானபோது

இதன்பின் உரையின் அடித்தளம் ஆட்டங்கண்டது. எதிர் நிறுவனம் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவுக்கு இறங்கியது. முடிவில் இலவசப் பயணமும் அதனுடன் குடையும் தருவதாக எதிர்த்தரப்பு அழைத்ததாகக் கூறுவர். பயனை முன்னிறுத்திய உரை இந்நிலையில் எதனைச் சொல்லும்? பயணிக்கு உடனடிப் பயன் அயலார் கப்பலில் இருந்தது. ஆகவே மேடை, பயனை விட்டு மானத்தைப் பற்ற வேண்டியதாயிற்று. சுதேசி மேடை வணிகத்திலிருந்து அரசியலுக்கு நகர்ந்ததைத் தலைவர்களின் மனப்போக்கால் மட்டும் விளக்குவது போதாது. சந்தையே வணிக வாதத்தை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது எனக் கருத இடமுண்டு.

1908 தொடக்கத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளரிடையே பேசினர். பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒன்பது நாளில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. கேட்போர்க்குக் கைமேற் பயன் தந்த உரைகள் இவை. ஆட்சியாளரை அஞ்ச வைத்தவையும் இவையே. மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதாயினர்.

சான்றுகளின் ஒருபக்கத் தன்மை

இவ்வுரைகள் நமக்குப் பெரிதும் காவல்துறைக் குறிப்புகளாகவும் வழக்கு ஆவணங்களாகவுமே எஞ்சியுள்ளன. குறிப்பெடுத்தவர் தேடியது இராசத்துரோகத்தை. பங்கின் விலையையும் கட்டண விவரத்தையும் குறித்துவைக்க அவர்க்குத் தேவை இல்லை. எனவே வழக்குக் கட்டுகளை மட்டும் கொண்டு சுதேசி மேடையை மதிப்பிடும் ஆய்வாளர், குற்றஞ்சாட்டியவரின் தெரிவையே உரையின் முழு வடிவமாகக் கொண்டுவிடுகிறார். பாரதியாரின் ‘இந்தியா’ இதழ்ச் செய்திகளையும் நிறுவனத்தின் அறிக்கைகளையும் அருகில் வைத்துப் படித்தாலன்றி வணிகக் கூறு புலப்படாது. ஆ.இரா.வேங்கடாசலபதியின் நூல் நிறுவனத்தின் வரலாற்றை விரிவாகத் தந்தபின், இத்தகைய வாசிப்பு எளிதாகியுள்ளது.

1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். தம் பேச்சுக்காக இருபது ஆண்டுகள், சிவாவின் பேச்சுக்கு உடந்தையானமைக்கு மேலும் இருபது ஆண்டுகள் என வ.உ.சி.க்கு இரட்டைத் தண்டனை; மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது, நாணயத்தை ஈடாக வைத்துப் பங்கு விற்ற அந்நிறுவனம் கலைக்கப்பட்டு ஓராண்டு கடந்திருந்தது.