செங்கோட்டையின் படைக் குடியிருப்புகள்

ஊரிலிருந்து வரும் உறவினரைச் செங்கோட்டைக்கு அழைத்துச் செல்லாத தில்லித் தமிழர் நம்முள் இலர். லாகூர் வாயிலில் நுழைந்து, சத்தா சௌக் கடைவீதியைக் கடந்து, திவானி ஆம், திவானி காஸ் மண்டபங்களுக்கு விரைகிறோம். சலவைக்கல்லின் எழிலில் உள்ளம் பறிகொடுத்துத் திரும்புகிறோம். அருகே நெடிதுயர்ந்து நிற்கும் படைக் குடியிருப்புகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் தமிழர்க்கும் பங்கு உண்டு.

1639-இல் ஷாஜகான் எடுக்கத் தொடங்கிய இக்கோட்டை 1648-இல் நிறைவெய்தியது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுங்கியபின், ஆங்கிலேயர் முதிய மன்னர் பகதூர்ஷாவை அவருடைய திவானி காஸிலேயே குற்றவாளியாக நிறுத்தி விசாரித்து, இரங்கூனுக்கு நாடு கடத்தினர். அத்துடன் அமைந்தாரல்லர். அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கித் தம் படையினர்க்குக் குடியிருப்புகளை எழுப்பினர். எஞ்சிய மாளிகைகளுள் மும்தாஜ் மகால் படைச் சிறையாகவும், பின்னர் சார்ஜெண்டுகளின் உணவு விடுதியாகவும் பயன்பட்டது. 1911-இல் அதுவே அரும்பொருட்காட்சிச்சாலை ஆயிற்று.

இங்ஙனம் ஓர் அரண்மனையின் அழிவில் எழுந்த குடியிருப்புகளை, விடுதலைக்குப் பின் நாம் ஏன் இடிக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை 1945-இல் இருக்கிறது.

அவ்வாண்டு நவம்பரில், இந்திய தேசிய இராணுவத்தின் ஷாநவாஸ்கான், சேகல், தில்லான் ஆகிய மூவரும் இக்கோட்டையில் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். நேருவும் பல்லாண்டுகளுக்குப் பின் வழக்கறிஞர் அங்கியணிந்து வந்தார். மூவருக்கும் ஆயுள் முழுவதும் நாடுகடத்தல் என்று தீர்ப்பாயிற்று. நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்த நிலையில், 1946 ஜனவரியில் படைத்தலைவர் ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்கினார். 1947 ஆகஸ்டு 16 அன்று அதே கோட்டையில் நேரு மூவர்ணக் கொடியை ஏற்றினார்.

அந்த இராணுவத்தில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் மிகப் பலர். ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையிற் பிறந்த டாக்டர் லட்சுமி. குற்றவாளியாக நின்ற மூவருள் ஒருவரான சேகலையே அவர் 1947-இல் மணந்தார். கடல் கடந்து கூலிக்குச் சென்றவர்தம் மக்கள் தில்லியை நோக்கிப் படை திரண்டனர் என்பதை எண்ணுங்கால், இக்கோட்டை நமக்கு அயலதன்று.

2003 டிசம்பரில் இராணுவம் கோட்டையைத் தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2007-இல் இது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. 2019 ஜனவரி 23-ஆம் நாள், நேதாஜியின் பிறந்தநாளன்று, பிரதமர் நரேந்திர மோடி இக்குடியிருப்புகளில் காட்சிக்கூடங்களைத் திறந்து வைத்தார். நேதாஜியும் தேசிய இராணுவமும், 1857, ஜாலியன்வாலா பாக், இந்திய ஓவியம் என அவை அமைந்தன. நேதாஜி பயன்படுத்திய நாற்காலியும் வாளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன.

பழைய கட்டடத்தைக் காட்சிக்கூடமாக்குவது எளிய பணியன்று. காற்று வேண்டித் திறந்த தாழ்வாரங்களும் சன்னல்களும் வெயிலையும் தூசியையும் உடன் கொணரும். பழந்துணியும் தாளும் மங்கிய ஒளியையே தாங்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவரையே அரிக்கும். ஆதலின் பலகைகளையும் பேழைகளையும் சுவரில் அறையாது தனித்து நிற்கச் செய்வதும், பின்னொருகால் தடயமின்றி அகற்றத்தக்கவாறு அமைப்பதும் நல்ல முறையாகும்.

அவற்றினும் அரியது ஒன்றுண்டு. சுவரெல்லாம் பலகையால் மறைந்துவிட்டால், வரலாற்றுக் கட்டடம் வெறுங்கூடாகிவிடும். பேழைக்குள் இருக்கும் வாள் எங்கிருந்தோ வந்தது. சுவரோ நடந்தவற்றின் நடுவே நின்றது. இடித்தவனின் செருக்கையும், சிறைப்பட்டவனின் உறுதியையும் ஒருங்கே கண்டது அது. எனவே கட்டடமே அங்கு முதற்காட்சிப்பொருள்.

அடுத்த முறை விருந்தினருடன் செல்லும்போது, சலவைக்கல் மண்டபங்களோடு நில்லாது, அப்படைக் குடியிருப்புகளின் வளைவுகளின் கீழும் சற்று நிற்போம். மலேயாத் தோட்டத்துத் தமிழரின் கதையை நம் பிள்ளைகளுக்கு அங்கே நாமே சொல்வோம்.